மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில்

காரை நிறுத்தி, இன்ஜினில் சுற்றிக்கொண்டிருந்த எண்ணெய் அடியில் வந்து சேரும்வரை சற்றுக் காத்திருந்து, அதன் பிறகுதான் அளவு பார்க்க வேண்டும் என்பது நம்மில் நிறையப் பேருக்குத் தெரியாது. உங்கள் ஸ்டேஷன் ஜீப் ஓட்டுநருக்கும் தெரியவில்லை. சற்று முன் நான் வாசலில் நின்றிருந்தபோது அவர் வந்து நிறுத்திய கையோடு பானெட்டைத் திறந்து, எண்ணெய்க் குச்சியை உருவி, ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி செருகினார். கேட்காதவர்களுக்குச் சொல்வதை நான் விட்டுவிட்டேன்.

ரெஜினா மேடம், என்னை யாரும் அழைத்து வரவில்லை. செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி நானாகத்தான் மாமல்லபுரம் வந்தேன். இதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். போலீஸிடம் சொன்னது கோர்ட்டில் நிற்காது என்று எனக்குத் தெரியும். மாஜிஸ்திரேட் முன்னால் வேண்டுமானாலும் இதே வரிசையில் சொல்கிறேன்.

என் மனைவியின் தம்பி பட்டாபிராமன் பூஞ்சேரி சந்திப்பில் இறந்தான். அதற்கு உங்களிடம் ஒரு காரணம் இருக்கிறது. கார் நடுச்சாலையில் நின்றது, தனியார் பேருந்து ஓட்டிவந்த சாலமோன் கவனிக்காமல் வந்து இடித்தார் என்று வைத்திருக்கிறீர்கள். சாலமோனையும் உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவருடைய மனைவி சாராள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் யாரென்று தெரியாமலே நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். மரியாதை தெரிந்த பெண்மணி. நான் சொல்லப்போவது பட்டாபியைக் கொன்றது யார் என்பதைத்தான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எண்ணெய் விஷயத்தை அவசரமாகச் சொல்ல முடியாது.

என் பெயர் ஜெயகிருஷ்ணன். வாகன இன்ஷூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டி, ஏரி உடைந்த தண்ணீரில் நின்ற வண்டி, எண்ணெய் காய்ந்து இன்ஜின் இறுகிப்போன வண்டி எதுவானாலும் போய்ப் பார்த்து, எதனால் ஆயிற்று என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. விபத்தா, சொந்தக்காரரின் அலட்சியமா என்பதே கேள்வி. எல்லோரும் விபத்து என்பார்கள். ஊரப்பாக்கத்திலிருந்து மதுராந்தகம் வரை நான் பார்த்த இறுகிப்போன இன்ஜின் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், வாழ்நாளில் எண்ணெய்க் குச்சியைத் தொடாத ஒரு மனிதர் நின்றுகொண்டு, "நேத்து வரைக்கும் நல்லாத்தானே சார் ஓடிச்சு" என்பார். நேற்று வரைக்கும் ஓடியது என்பது ஒரு தகுதியே அல்ல என்பதை நான் யாருக்கும் புரியவைத்ததில்லை.

பட்டாபி ஓட்டிய கார் முதலில் என்னுடையது. சாம்பல் நிறத்தில் சின்ன பெட்ரோல் கார். அதன் கையேட்டில் 5W-30 எண்ணெய் என்று போட்டிருக்கிறது. முதல் எண், குளிர்ந்த இன்ஜினில் எண்ணெய் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதைச் சொல்லும்; இரண்டாவது, சூடேறிய பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதை. பில்டரையும் மாற்றினால் மூன்று லிட்டரும் நூறு மில்லியும் பிடிக்கும். குச்சியில் இரண்டு கோடுகள் இருக்கும். கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் உலோகத்தோடு உலோகம் உரசும். மேல்கோட்டுக்கு மேலே போனால் உள்ளே சுழலும் தண்டு எண்ணெயை அடித்து நுரையாக்கிவிடும். நுரை எதையும் காப்பாற்றாது. ஆகவே இரண்டு கோடுகளுக்கும் நடுவில். இதில் கருத்து வேறுபாட்டுக்கு என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அந்தக் கார் என்னிடம் இருந்தவரை எண்ணெய் மாற்றும்போது நான் பக்கத்திலேயே நிற்பேன். மெக்கானிக் முத்துசாமிக்கு அது பிடிக்காது. "இன்னா சார், கொழந்தைக்கு மருந்து ஊத்துற மாதிரி பாத்துகினு கீற? நான் இன்னா குடிச்சிடவா போறேன்?" என்பான். குடிக்க மாட்டான். ஆனால் ஐம்பது மில்லி கூடுதலாக ஊற்றிவிடுவான்.

புதுக் கார் வாங்கியபோது பழையதை விற்கத்தான் நினைத்தேன். என் மனைவி சௌந்தரவல்லி, "தம்பி அண்டாவும் குண்டானுமா பஸ்ல ஏறி இறங்கறான். அவனுக்குக் குடுத்துடுங்கோளேன்" என்றாள். கொடுத்தேன். கையேட்டையும் கொடுத்தேன். உரிய பக்கத்தில் ஒரு சீட்டும் வைத்திருந்தேன்.

பட்டாபியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுராந்தகத்தில் கோயில் மடைப்பள்ளியில் அவனுக்குக் கைங்கர்யம். அது போக வெளியிலும் பிரசாதம் செய்து கொடுப்பான். அவனுடைய புளியோதரைக்காகவே பிரசாதம் தரும் கோஷ்டியில் கடைசிவரை நிற்பவர்கள் உண்டு. நானும் நின்றிருக்கிறேன். அவன் எதையும் அளக்க மாட்டான். இத்தனை படி அரிசிக்கு இவ்வளவு நல்லெண்ணெய் என்று அவனுக்குக் கையே சொல்லும். எண்ணெய்த் தூக்கைச் சாய்த்தால், போதும் என்ற இடத்தில் தானாக நிமிரும். நான் ஒருமுறை அளவு கேட்டதற்கு, "தெரியலையே அத்திம்பேர், வாசனை வந்தா நிறுத்திடுவேன்" என்றான்.

சமையலில் அப்படி இருக்கலாம். கார் கொடுத்த ஆறாவது மாதம் என் வீட்டுக்கு வந்து, உட்காரக்கூட இல்லை, சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஆயில் மாத்திட்டேன் அத்திம்பேர். 20W-50. தொட்டா நெய் மாதிரி விரல்ல நிக்கறது. நானே ஊத்தினேன்."

"எவ்வளவு?"

"நாலு லிட்டர் டின்னு. மிச்சம் வெச்சு என்ன பண்றது, முழுக்க ஊத்திட்டேன்."

"மேல்கோட்டைத் தாண்டியிருக்குமே?"

"ஒரு விரக்கடை தாண்டியிருக்கு. கோடு போட்டவன் கம்பெனிக்காரன், கஞ்சப்பய. விளக்குன்னா விளிம்பு வரைக்கும் ஊத்தினாத்தான் நமக்கு மனசு நிறையும்."

வீட்டில் அன்று ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோர் முன்னாலும், இந்த இன்ஜின் ஒரு வருடம் தாங்காது என்று சொன்னேன். சொன்னது சர்வேயர் என்ற முறையில்.

அது தாங்கியது. மேடம், இங்கேதான் உங்களுக்கு என் நிலைமை புரிய வேண்டும். என்னிடம் இருந்தபோது வயதான இன்ஜின்களுக்கே உரிய வழக்கப்படி அது கொஞ்சம் எண்ணெய் குடிக்கும். அவனிடம் போனதும் குடிப்பதை நிறுத்திவிட்டது. புகை இல்லை, சத்தம் இல்லை. திருப்பதி மலை ஏறி இறங்கியது. உறவில் எந்த விசேஷம் நடந்தாலும் யாராவது ஒருவர் என் காதில் விழும்படி, "பட்டாபி, வண்டி இன்னுமா ஓடறது?" என்று கேட்பார்கள். "அத்திம்பேர் ஆசீர்வாதம்" என்பான் அவன். பந்தியே சிரிக்கும். அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவனுக்குக் கெட்ட எண்ணம் என்று ஒன்று இருந்து நான் பார்த்ததில்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

போன மாசி மாதம் காஞ்சிபுரத்திலிருந்து திரும்பும்போது என் புதுக் கார் பாலூர் தாண்டி நின்றுவிட்டது. பெட்ரோல் பம்ப். எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த பட்டாபி இறங்கி, அண்டா கட்டும் கயிற்றால் என் காரைக் கட்டி, செங்கல்பட்டு வரை இழுத்து வந்தான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என் பழைய காரின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் ஜனங்கள் பார்த்தார்கள். வீட்டு வாசலில் கயிற்றை அவிழ்த்தபடி, "உங்க வண்டிக்கும் கொஞ்சம் மடைப்பள்ளிக் கைமணம் வேணும்போல இருக்கே அத்திம்பேர்" என்றான். வல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபமே வரவில்லை. ஒரு தவறான விஷயம் இப்படியே தொடர்ந்து நடந்துகொண்டிருந்தால் அதைப் பார்க்கிறவர்கள் அதைச் சரி என்று எடுத்துக்கொள்வார்களே என்ற கவலை மட்டும் இருந்தது.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

புரட்டாசிச் சனிக்கிழமை இங்கே மாமல்லபுரத்தில் ஒரு பக்தர் குழுவின் ஆராதனைக்குப் பிரசாதம் கேட்டிருந்தார்கள். பட்டாபி முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்து புளிக்காய்ச்சல் காய்ச்சி வைத்தான். விடிந்ததும் சாதம் வடித்துக் கலந்து எடுத்துப் போவது ஏற்பாடு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஊஞ்சலில் படுத்துத் தூங்கினான். வல்லி உள்ளே எள் வறுத்துக்கொண்டிருந்தாள். கார் என் ஷெட்டில் நின்றது. அந்த ஷெட்டின் தரை ரசமட்டம் வைத்துப் பார்த்துப் போட்டது. எண்ணெய் பார்க்க அதைவிட நல்ல இடம் செங்கல்பட்டில் கிடையாது.

குச்சியை எடுத்தேன், துடைத்தேன், விட்டேன், மறுபடி எடுத்தேன். மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரக்கடை. அவன் சொன்னது உண்மைதான். அதிகப்படியாக இருந்ததை எடுத்துவிடலாம் என்று தோன்றியது. பழைய துணி உடுத்திக்கொண்டு, காருக்கு அடியில் போய், எண்ணெய் வடிக்கும் திருகாணியைத் திறந்து எடுத்தேன். அழுக்கு வேலை. அவனுக்காக வேறு யார் செய்வார்கள்?

அன்று பொழுது சாயும் வேளையில் பட்டாபி ஷெட்டிலிருந்து கூப்பிட்டான். கையில் எண்ணெய்க் குச்சி. முகத்தில் குழப்பம்.

"உங்களைச் சந்தோஷப்படுத்தலாம்னு இன்னிக்கு நானே குச்சியை எடுத்துப் பாத்தேன் அத்திம்பேர். ஒண்ணுமே காணலை. துடைச்சுட்டு மறுபடி விட்டும் பாத்துட்டேன். சொட்டு ஒட்டலை."

அவன் முறைப்படி செய்திருந்தான். துடைத்து, மறுபடி முழுதாக விட்டு, கிடைமட்டமாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கற்றுக்கொடுத்தவனுக்கு வரக்கூடிய திருப்தி எனக்கு வந்தது.

"உங்க எண்ணெயையே ஊத்துங்கோ. நீங்க சொல்ற அளவே ஊத்துங்கோ. நான் தோத்துட்டேன்னு வெச்சுக்கோங்கோளேன்" என்றான்.

என் அலமாரியில் சீல் உடைக்காத 5W-30 டின் ஒன்று எப்போதும் இருக்கும். எடுக்கத் திரும்பினேன். உண்மையாகவே திரும்பினேன். அப்போது வல்லி விளக்கேற்றிவிட்டு வெளியே வந்தாள். "ஏன்னா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா விளக்கு வெச்சப்புறம் எண்ணெயைத் தூக்கி வெளியில குடுக்கறேளே" என்றாள்.

"அது இன்ஜின் எண்ணெய்க்குமா, அக்கா?" என்று பட்டாபி கேட்டான். கேட்டுவிட்டு அவனே, "எதுவா இருந்தாலும் வீட்டை விட்டுப் போற எண்ணெய்தானே. வேண்டாம் அத்திம்பேர்" என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

இந்த நம்பிக்கையை நான் கல்யாணமான நாளிலிருந்து கேலி செய்து வந்திருக்கிறேன். அன்று கேலி செய்யவில்லை. அலமாரிக் கதவைச் சாத்தினேன். மற்றவர்கள் நம்பிக்கைக்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று வல்லி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

பட்டாபி முத்துசாமிக்குப் போன் போட்டான். எல்லோருக்கும் கேட்கும்படி போட்டான்.

"காஞ்சு போச்சா? வண்டிய நவுத்தாத சாமி. நான் மாமியார் வூட்டுக்கு வந்துகினு கீறேன், மேல்மருவத்தூர் தாண்டிட்டேன். விடியக்காலம் வந்து ஒரு டின் ஊத்திடறேன்."

"காலம்பற சனிக்கிழமைப்பா. எண்ணெய் வாங்கப்படாது."

"இன்ஜின் ஆயிலுக்கு இன்னா சாமி சனிக்கெழம? தலைக்கா தேய்க்கப் போற?"

பட்டாபி சிரித்துவிட்டான். அவன் மனம் இளகியது எனக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றேள் அத்திம்பேர்?" என்றான். வீட்டிலேயே பகுத்தறிவுக்காரன் நான்தான். நான் பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் வாங்கியிருப்பான்.

"எண்ணெய் எண்ணெய்தான்" என்றேன்.

"பேஜாரு சாமி உங்களோட" என்றான் முத்துசாமி. "அப்ப இன்னிக்கே பெட்ரோல் பங்க்குல போயி எது கெடச்சாலும் வாங்கி ஊத்து. காஞ்ச இன்ஜின எடுத்துகினு ரோட்டுக்குப் போவாத, சொல்ட்டேன்."

நான் போகிறேன் என்று சொல்லி ஸ்கூட்டரை எடுத்தேன். பங்க்கில் 20W-50 அடுக்கி வைத்திருந்தது. "இன்னா அங்கிள், ஒரு லிட்டரா, ரெண்டா?" என்று அங்கிருந்த பெண் கேட்டாள். ஒரு டப்பாவைக் கையில் எடுத்துப் பின்பக்கம் இருந்ததை எல்லாம் படித்தேன். அது பட்டாபியின் எண்ணெய். அதை நானே வாங்கி, என் கையாலேயே அந்த இன்ஜினில் ஊற்றினால், இத்தனை நாள் நான் சொன்னதெல்லாம் வெறும் பேச்சு என்று ஆகிவிடும். திருப்பி வைத்துவிட்டேன். ராட்டினக்கிணறு அருகே ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, சரியான எண்ணெய் அங்கே இல்லை என்றேன். அது பொய் இல்லை.

பட்டாபி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். அவனால் ஆராதனையைத் தவற விட முடியாது. வேறு வண்டி சொல்வதா என்று யோசித்தான். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், பானெட்டைத் திறந்து, குச்சியை உருவி, நிதானமாகப் பார்த்தேன்.

"இருக்கு" என்றேன்.

"இருக்கா? எனக்குத் தெரியலையே?"

"பார்க்கத் தெரியணும்."

"அது சரி. அத்திம்பேர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். சொல்லிவிட்டு நிம்மதியாக உள்ளே போய் எள்ளைப் பொடிக்க உட்கார்ந்தான்.

மேடம், அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த வாக்கியத்தை அவன் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பான்.

சனிக்கிழமை காலையில் அண்டாவைப் பின் சீட்டில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினோம். தெரு முழுக்கப் புளியோதரை வாசனை. கிளம்பும் நேரத்தில் வல்லி புதுப் புடவையில் வந்து நின்றாள். "நானும் போய் ஸ்தலசயனப் பெருமாளைச் சேவிச்சுட்டு வந்துடறேன்" என்றாள். இது ஏற்பாட்டில் இல்லை. இடம் இருக்காதே என்றேன். "அண்டா பின்னாடி, நான் முன்னாடி. அண்டாவைவிட நான் ஒண்ணும் பெரிசில்லை" என்றாள். பட்டாபி கதவைத் திறந்துவிட்டு, "அக்கா, அண்டா வாயைத் திறக்காது. அதான் வித்தியாசம்" என்றான். அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் வல்லி காரணம் கேட்காமல் விடுகிறவள் இல்லை. காரணம் சொல்ல வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஆகவே ஜன்னல் வழியாகக் குனிந்து, பெல்ட் போட்டுக்கொள் என்றேன். "எதுக்குன்னா? இதோ இருக்கற திருக்கழுக்குன்றம் தாண்டினா வந்துடறது" என்றாள். நானே இழுத்து மாட்டிவிட்டேன். இன்று அவள் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் இடுப்பெலும்பு முறிந்து, ஆனால் உயிரோடு படுத்திருக்கிறாள் என்றால், அதற்கு நான்தான் காரணம். டாக்டரும் அதையே சொன்னார்: பெல்ட் போட்டிருந்ததால் பிழைத்தார்கள் என்று. பட்டாபிக்கு நான் மாட்டிவிடவில்லை. ஓட்டுகிறவன் அவன், அது அவன் பொறுப்பு.

எவ்வளவு எண்ணெய் எடுத்தீர்கள் என்று திருகாணி பற்றிச் சொன்னபோதே நீங்கள் கேட்டீர்கள். பதில் சொல்லாமல் தட்டிக்கழிக்கவில்லை. வரிசைப்படி வந்தால்தான் புரியும் என்று காத்திருந்தேன். அதிகப்படியை எடுக்கத்தான் திறந்தேன். மேல்கோடு வரை வந்ததும் நிறுத்த நினைத்தேன். அப்போது, மிச்சம் இருப்பது மட்டும் சரியான எண்ணெயா என்று தோன்றியது. தவறான எண்ணெயில் சரியான அளவு என்று ஒன்று எப்படி இருக்க முடியும்? அதிகப்படி என்றால் உள்ளே இருந்தது அத்தனையும் அதிகப்படிதான். அடியில் ஒரு டம்ளர் அளவுக்கு விட்டுவிட்டு, மற்றதை எடுத்துவிட்டேன். திருகாணிக்குப் புது வாஷர் போட்டு மூடினேன். பழைய வாஷரையே மறுபடி போட்டால் கசியும்.

எண்ணெய் அழுத்தம் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும், அது ஏன் எரியவில்லை என்றும் கேட்டீர்கள். அந்த விளக்குக்குப் போகும் ஒயரை நான் கழற்றிவிட்டேன். அதைப் பார்த்தால் பட்டாபி பதறிவிடுவான். பதற்றத்தில் வண்டி ஓட்டுவது ஆபத்து.

நான் எதிர்பார்த்தது இதுதான்: செங்கல்பட்டைத் தாண்டி ஐந்தாறு கிலோமீட்டரில் இன்ஜின் இறுகும். ஏதாவது ஒரு மரத்தடியில் நிற்கும். பட்டாபி எனக்குப் போன் செய்வான். என் காரில் போய், கயிறு கட்டி, நான் இழுத்து வருவேன். அண்டாவையும் நேரத்தோடு சேர்த்திருப்பேன். அதற்காக டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டு வைத்திருந்தேன். இன்ஜின் இறுகிய வண்டிகளை என் வேலையில் நான் சாலை ஓரத்தில் மட்டும் பார்த்தவன் இல்லை. நடுச்சாலையில் நின்று, பின்னால் வந்தது ஏறிப்போனவற்றையும் பார்த்திருக்கிறேன், அறிக்கையும் எழுதியிருக்கிறேன். அப்படி ஆகலாம் என்பது தெரியுமா என்றால், தெரியும். தெரிந்துதான் பெல்ட் மாட்டிவிட்டேன்.

வாசலில் நாற்காலி போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழைப்பு வந்தபோது அது பட்டாபியின் எண்ணிலிருந்துதான் வந்தது. பேசியது வேறு யாரோ. பின்னணியில் ஜனச் சத்தம். "அண்ணாத்த, இந்த போன்ல அத்திம்பேர்னு உங்க நம்பரு இருந்துச்சு. பூஞ்சேரி கூட்ரோட்டாண்ட வந்துருங்க" என்றார். வந்தேன். சாலை முழுக்கப் புளியோதரை சிதறிக் கிடந்தது. சாலமோன் நடைபாதையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு, "கிராஸ் பண்ணிகினே இருந்துச்சு, நடுவுல அப்டியே நின்னுட்சு சார். பிரேக்க மிதிச்சேன் சார், ஏறி மிதிச்சேன்" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது உண்மை. டயர் தடத்தை நான் நடந்து பார்த்தேன். அந்த வேகத்துக்கு அவர் சரியான இடத்தில்தான் மிதித்திருக்கிறார். அவரை நீங்கள் அனுப்பிவிடலாம்.

அது என் உறவினர் வண்டி என்பதால் நான் சர்வே செய்யக் கூடாது. விதியை மீற நான் நினைக்கவும் இல்லை. ஆல்வின் என்ற இளைஞரை அனுப்பினார்கள். கெட்டிக்காரன், கொஞ்சம் அவசரக்காரன். மரியாதைக்காக அறிக்கையை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். எண்ணெய் போதாததால் இன்ஜின் இறுகியது என்று எழுதியிருந்தான். புது வாஷரைப் பார்த்துவிட்டு, அண்மையில் சர்வீஸ் ஆகியிருக்கலாம் என்றும், ஒயர் மோதலில் கழன்றிருக்கலாம் என்றும் எழுதியிருந்தான். யார் மேலும் அவனுக்குச் சந்தேகம் இல்லை. அத்தோடு விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன்.

அதற்குக் கீழே ஒரு வரி. 'அடியில் மீதமிருந்த எண்ணெய் 20W-50. இன்ஜினின் வயதுக்கும் இந்தப் பகுதியின் வெயிலுக்கும் பொருத்தமானதே.'

இதை எடுத்துவிடு என்றேன். "சார், கார்லேருந்து எடுத்த மேனுவல்லயே போட்டிருக்கே சார்" என்று அதைப் பிரித்துக் காட்டினான். நான் சீட்டு வைத்திருந்த பக்கத்துக்கு அடுத்த பக்கம். அங்கே ஓர் அட்டவணை இருக்கிறது. வெப்பமான ஊர்களில் கெட்டியான எண்ணெயும் ஊற்றலாம் என்று போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் திருப்பியதில்லை. முந்தைய பக்கத்திலேயே விடை இருந்ததால் திருப்பத் தேவைப்படவில்லை. அது வேறு தேசத்தில் வாங்குகிறவர்களுக்காகப் போட்டது என்றேன். ஆல்வின் கையேட்டை மூடி, "நீங்க துக்கத்துல இருக்கீங்க சார், அப்புறம் பேசலாம்" என்று எழுந்து போய்விட்டான். வரியை எடுக்கவில்லை.

மறுநாள் மருத்துவமனையில் வல்லி கண் விழித்ததும், தம்பி சாப்பிட்டானா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அவளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு அந்த மாதிரி விஷயங்கள் பேச வராது.

ஆக, என் வாக்குமூலம் இது. எண்ணெயை எடுத்தது நான். ஒயரைக் கழற்றியது நான். இல்லாததை இருக்கிறது என்று சொல்லி அனுப்பியது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே போடுகிறேன். பதிலுக்கு, ஆல்வினைக் கூப்பிட்டு அந்த ஒரு வரியை மட்டும் திருத்தச் சொல்லுங்கள்.

ஏனென்றால் ஒரு டம்ளர் எண்ணெயில் அந்தக் கார் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. கெட்டி எண்ணெய் என்பதால்தான் அவ்வளவு தூரம் தாங்கியது. சரியான எண்ணெயாக இருந்திருந்தால் நான் கணக்குப் போட்ட இடத்திலேயே ஓரமாக நின்றிருக்கும், பட்டாபியும் பிழைத்திருப்பான். அவனைக் கொன்றது அந்த 20W-50தான், மேடம். நான் அப்போதே சொன்னேன்.